அண்ணிக்கு மட்டும் தெரியக் கூடாது

என் அண்ணி கவலைப்படுவதை ஒரு வேலையாகவே செய்கிறவர். அதற்குச் சம்பளமும் வாங்குகிறார். கேலிக்குச் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு உடை தைக்கும் தொழிற்சாலையில் ஊசி அறை அவர் பொறுப்பு. தையல் இயந்திரத்தில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையையும் பொறுக்கி அவரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் அவற்றை வெள்ளைத் தாளில் வைத்து, முழு ஊசியாகச் சேர்கிறதா என்று பார்த்து, டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார். முனை மட்டும் குறைகிறதென்றால் போச்சு, அந்தத் தையல் லைன் முழுக்க நிற்கும். காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையெல்லாம் தடவ ஆரம்பித்துவிடுவார். "பச்சக் குழந்தை போடுற சட்டைம்மா. எந்தக் குழந்தை கழுத்துல குத்துமோ!" என்பார். சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் தொழிற்சாலையைச் சுற்றிப்பார்க்கப் பெரிய ஆட்கள் வந்தால், அதே சூப்பர்வைசர் முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது அண்ணியைத்தான். அங்கே அவருக்கு ஊசியம்மா என்றே பேர்.

இதைத் தொழிற்சாலையோடு நிறுத்தியிருந்தால் எனக்கொன்றும் இல்லை. காந்தத்தை மட்டும் அங்கே வைத்துவிட்டு மீதியை அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவார். கேஸை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவார். மழை வந்தால் கவலை, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கவலை. யாராவது ஒருமுறை இருமினால் போதும், அடுத்த இருமலுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதைப் பேசினாலும் கடைசியில் "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று ஒரு கேள்வி இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எங்கள் அண்ணனுக்கு முன்மண்டை வழுக்கையாகிவிட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை அந்த மிஸ்டு கால். வீட்டை விட்டு யார் வெளியே போனாலும், போய்ச் சேர்ந்ததும் அண்ணியின் போனை இரண்டு முறை மணி அடிக்கவிட்டு வைத்துவிட வேண்டும். அவர் எடுக்க மாட்டார். அந்த இரண்டு மணிதான் அவருக்கு வேண்டும். அடித்ததும் "அப்பாடா" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார். அடிக்கவில்லையென்றால் கையும் ஓடாது காலும் ஓடாது. அண்ணன் வெளியூர் பஸ் ஓட்டுகிறவர். ஒருநாள் டயர் வெடித்து நடுவழியில் நின்றுவிட்டார். அதற்குள் அண்ணி பஸ் முதலாளிக்கு, டிப்போவுக்கு, போலீஸுக்கு என்று ஊரையே கூட்டிவிட்டார். அண்ணன் கிரீஸ் கையோடு போய் இறங்கியபோது, "வாங்க, உயிரோடதான் இருக்கீங்களா?" என்று முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டாராம்.

நான் அண்ணனின் தங்கை. அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஸ்டியரிங் கையில் நடுங்குகிற ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் ஊர் சுற்றுகிறவள் என்பதால் குடும்பத்தில் எனக்குத் தைரியசாலி என்று பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அண்ணன் மகள் என்னிடம் வந்ததும் அதனால்தான்.

அவள் வேறு ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். கழுத்தில் சின்னதாக ஒரு கட்டி. முதலில் அவளே அதைச் சட்டை செய்யவில்லை. பிறகு பெரிய டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் இருப்பது எங்கள் ஊரில். கட்டியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில், நல்லதா கெட்டதா என்று தெளிவாகத் தெரியவில்லை, ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டுத்தான் சொல்ல முடியும் என்றுவிட்டார். கூட ஒரு ஆள் இருக்க வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் அவள் என் வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்கு ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தாள். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

"அவங்ககிட்ட மறைக்கலாமா? பெத்தவங்கம்மா," என்றேன்.

"எனக்குத் தைரியம் சொல்லிக்கவே தெம்பு பத்தல அத்தை. இதுல அம்மாவுக்கு வேற யாரு சொல்றது? எல்லாம் முடிஞ்சு நல்லபடியா இருந்தா அப்புறம் சொல்லிக்கலாம். அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

நல்லபடியாக இல்லையென்றால் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் என் சமையலறை மேடையில் சாய்ந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஊசி குத்திய இடத்தில் சின்ன பிளாஸ்டர். அது அவள் வழக்கமாக வேலைக்குப் போய்ச் சேரும் நேரம். "ஒரு நிமிஷம் அத்தை, லேபுக்குப் போய்ச் சேர்ந்துடறேன்" என்று சிரித்தபடி அம்மாவின் எண்ணை அழுத்தினாள்.

மணி எங்கள் வாசலில் அடித்தது.

திரும்பினால் அண்ணி நிற்கிறார். தொழிற்சாலையில் ஜெனரேட்டர் கெட்டுப்போய் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வருகிற வழியில் என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமென்று நுழைந்திருக்கிறார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் போன். இவள் வெலவெலத்துப்போய் அழைப்பை நிறுத்த மறந்துவிட்டாள். இரண்டு மணியைத் தாண்டி அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"நீ எங்கடி இருக்க?" என்று எதிரில் நிற்கிறவளைக் கேட்டார்.

பொதுவாக எனக்கு எந்த இடத்திலும் பேச்சுக்குப் பஞ்சம் வராது. அன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அண்ணியின் கண் பிளாஸ்டரில் போய் நின்றது. உடைந்த ஊசி முனையைத் தேடிப் பழகிய கண் அது, அதனிடம் எதை மறைப்பது?

"கழுத்துல என்ன?"

அவள் சொன்னாள். முடிந்தவரை சின்ன வார்த்தைகளாகப் பொறுக்கிச் சொன்னாள். 'ஆபரேஷன்' என்ற சொல் வந்ததும் அண்ணி சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்துவிட்டார். கை கால் ஜில்லிட்டுவிட்டது. நான் விசிறியைத் தேடி ஓடினேன். மகள் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையைத் தேய்த்து, "அம்மா, சின்னக் கட்டிதாம்மா. நிறையப் பேருக்கு வர்றதுதாம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதுல்ல? ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லு. சத்தியமா சொல்லு" என்றார்.

"சத்தியமா ஒண்ணும் ஆகாதும்மா."

கழுத்தில் கட்டியோடு இருக்கிறவள், நன்றாக இருக்கிறவருக்குச் சத்தியம் செய்துகொடுக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அதற்குள் அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் அத்தை," என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். அது அண்ணியின் காதிலும் விழுந்தது. அதன் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் நான் மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்திருந்தார். காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அண்ணி அவருக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அழுத முகம். ஆனால் அப்போது அழவில்லை.

"ஏங்க, உங்களுக்கும் தெரியும்தானே?"

"தெரியும்."

"எனக்கு மட்டும்தான் தெரியாதா? சரி, வேற என்னெல்லாம் எனக்குத் தெரியாது? ஒண்ணு விடாம சொல்லுங்க."

எங்கள் அண்ணனுக்குப் பொய்யைக் காப்பாற்றத் தெரியுமே தவிர, நேராகக் கேட்டால் மறுக்கத் தெரியாது. தரையைப் பார்த்துக்கொண்டு தன் கையில் இருக்கும் தழும்பைப் பற்றிச் சொன்னார். அண்ணியிடம் சொல்லிவைத்திருந்ததுபோல் அது கதவு இடித்த காயம் இல்லையாம். பஸ்ஸின் முன்கண்ணாடி நொறுங்கி, முழங்கையில் தையல் போட்டதாம். கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமிவிட்டு இன்னொன்றையும் சொன்னார்.

"அந்த மிஸ்டு கால் இருக்கே... அது போய்ச் சேர்ந்ததும் பண்றதில்ல. பாதி வழியில டீ குடிக்க நிறுத்துவேன்ல, அங்கேயே பண்ணிடுவேன்."

"எப்பலேர்ந்து?"

"டயர் வெடிச்சுதே, அதுக்கு அப்புறத்துலேர்ந்து."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. டயர் வெடித்தபோது இவர்கள் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் அண்ணி 'அப்பாடா' என்று போனைக் கவிழ்த்து வைத்த நேரமெல்லாம் இந்த மனுஷன் பாதி ரோட்டில்தான் இருந்திருக்கிறார். மீதிப் பாதியில் வளைவும் பள்ளமும் லாரிகளும் இருந்திருக்கின்றன.

"அப்போ நான் நிம்மதியா இருந்ததெல்லாம் பொய்யா?" என்றார் அண்ணி.

"பொய்யில்ல. நான் பத்திரமாத்தானே இருந்தேன்? நீ கவலைப்படாத நேரத்துலயும் நான் பத்திரமாத்தான் ஓட்டிட்டுப் போயிருக்கேன், இங்க பாரு, முழுசா உக்காந்திருக்கேன்."

இந்த இடத்தில் அண்ணி வெடித்துச் சண்டை போடுவார் என்று நான் வாசல் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டேன். அவர் சண்டை போடவில்லை. புருஷனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் முழங்கையைத் திருப்பி, அந்தத் தழும்பை விரலால் ஒருமுறை தடவினார். "வலிச்சுதா?" என்று கேட்டார். "ரொம்ப வலிச்சுது" என்று அண்ணன் சொன்னார். சொல்லிவிட்டு, பாவம், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் வீட்டுக்கு வந்து அண்ணன் மகளிடம், அம்மாவையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். "வேண்டாம் அத்தை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அங்க நான் படுத்திருக்கணும். அம்மாவப் பாத்துக்க எழுந்து உக்கார முடியாது." பெற்ற தாய் இரண்டு தெரு தள்ளி இருக்க, அத்தை துணையோடு அந்தப் பெண் கத்திக்குப் போகப்போகிறாள். என்ன குடும்பம் இது என்று இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அண்ணி வேலைக்குப் போனார். போகாமல் வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அண்ணனிடம் சொன்னாராம். சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தார். மகள் உள்ளே படுத்திருந்தாள். அண்ணி கூடத்தில் உட்கார்ந்து மெதுவான குரலில், சம்பந்தமே இல்லாமல், அன்றைக்கு உடைந்த ஊசியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஊசி உடைந்து முனை கிடைக்கவில்லையாம். தேடித் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லையாம்.

"கிடைக்கலைன்னா என்ன பண்ணுவீங்க அண்ணி?"

"அந்த மெஷினைச் சுத்தி இருக்கிற பீஸ் எல்லாத்தையும் வாரி ஒரு பெட்டியில போட்டு, ஒட்டி, ஓரமா வெச்சுடுவோம். புது ஊசி குடுத்துடுவேன். லைன் ஓடும்."

"அப்போ கிடைக்காத முனை?"

"கிடைக்காததுதான். பெட்டிக்குள்ள எங்கேயோ இருக்கும், இல்ல தரையில இருக்கும். அதுக்காக லைனை நாள் முழுக்க நிறுத்தி வெக்க முடியுமா?" நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இன்னிக்கு அந்தப் பெட்டிய ஒட்டும்போதுதான் தோணுச்சு. அங்க எனக்கு இது தெரிஞ்சிருக்கு பாரு. இங்க மட்டும் எல்லாரையும் நிறுத்தி வெச்சு உயிரை வாங்கியிருக்கேன்."

எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது. இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இத்தனை வருஷமா என்று கேட்க வாய் வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. அவர் எழுந்து மகள் படுத்திருந்த அறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகவில்லை.

"நாளைக்கு நான் வரட்டுமா?" என்றார்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அழ மாட்டேன்னு சொல்லல. வந்தா வெளிய போய் அழுதுட்டு வரேன். எனக்குக் கவலை இல்லாம இருக்கத் தெரியாதுடி, நான் அப்படியே ஊறிப்போன ஆளு. ஆனா உன்கிட்ட அதைக் கேக்க மாட்டேன். நீ எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், ஒண்ணும் சமாதானம் பண்ண வேண்டாம். பக்கத்துல உக்காந்திருக்கேன், அவ்வளவுதான்."

"கேட்டுட்டீங்கன்னா?"

"அத்தையை விட்டு வெளிய இழுத்துட்டுப் போகச் சொல்லு. அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

அந்த நேரத்திலும் என்னை ஒரு குத்து குத்தாமல் விடவில்லை. மகள் கொஞ்சம் சிரித்தாள். "சரி வாங்க" என்றாள். அந்தச் 'சரி'யில் நம்பிக்கை என்று பெரிதாக எதுவும் இல்லை.

அந்தக் கட்டி என்ன ஆயிற்று என்று நீங்கள் தவித்துக்கொண்டிருப்பீர்கள். நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஆட்களைத் தவிக்கவிட்டு வேடிக்கை பார்க்கிற குணம் எனக்கில்லை. அது கெட்ட கட்டி இல்லை. பத்து நாள் கழித்து அப்படித்தான் செய்தி வந்தது. ஆனால் அன்றைக்குக் காலை ஆஸ்பத்திரியில் எங்கள் யாருக்கும் அது தெரியாது. தெரியாமல்தான் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம்.

மகளுக்குப் பச்சை அங்கியைப் போட்டுக் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். எந்த நேரமும் வந்து தள்ளிக்கொண்டு போவார்கள். அண்ணன் வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தார். அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் வந்து போகும்போதெல்லாம் அவர் உதடு திறந்து திறந்து மூடிக்கொண்டது. என்ன கேட்க வருகிறார் என்று எனக்குத் தெரியும். அவரை இழுத்துக்கொண்டு போக நான் தயாராகவே நின்றேன். ஒருமுறை எழுந்து பாத்ரூமுக்குப் போனார். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் கொட்டும் சத்தம் கேட்டது. முகம் கழுவிக்கொண்டு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நான் என் பங்குக்குக் கலகலப்பாக்கிக்கொண்டிருந்தேன். முதல் நாளே பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்துப் பூக்கடைக்குள் நுழைந்த ஒரு தாத்தாவின் கதையைச் சொன்னேன். "போய்ட்டுத் தூங்கி எழுந்து வா, மீதிக் கதைய அப்புறம் சொல்றேன்" என்று தட்டிக்கொடுத்தேன். அவளும் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். தைரியமான பெண், என்னை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பினாள்.

"அம்மா, பயமா இருக்கும்மா."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அண்ணி 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லவில்லை. 'ஒண்ணும் ஆகாதுல்ல' என்றும் கேட்கவில்லை. ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பயமாத்தான் இருக்கும். சொல்லு, எதெல்லாம் பயமா இருக்கு?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். குரல் போய்விடுமோ என்று பயம். மயக்கத்திலிருந்து எழாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயம். எழுந்து, அது கெட்ட கட்டிதான் என்று சொல்லிவிட்டால் அதைவிடப் பயம். பிறர் ரத்தத்தை எத்தனையோ தடவை பரிசோதித்து, கெட்ட முடிவைத் தாளில் அடித்துக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறாளாம், கொஞ்ச நாளாக அந்தக் கவர்களே கனவில் வருகிறதாம். இவ்வளவும் அவளுக்குள் இருந்திருக்கிறது. என் வீட்டில் தங்கி, என் டீயைக் குடித்து, என் கதைக்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தவள் என்னிடம் இதில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. தைரியசாலியிடம் போய் இதையெல்லாம் எப்படிச் சொல்வாள்?

அண்ணி ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். சிலவற்றுக்கு "ஆமா, எனக்கும் அது தோணுச்சு" என்றார். குறுக்கே வேறெதுவும் பேசவில்லை. மகளின் கையை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் நடுங்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து கட்டிலுக்கு அடியில் அவருடைய கால்கள் தெரிந்தன. இரண்டும் தரையில் நிற்க முடியாமல் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. படுத்திருந்தவளுக்கு அது தெரியாது.

ஆட்கள் வந்து கட்டிலின் சக்கரங்களை விடுவித்தபோது அவள் இன்னும் சொல்லி முடித்திருக்கவில்லை. "மீதிய வந்து சொல்றேம்மா," என்றாள்.